மண்ணும் வீடும் ஒரே சம்பளத்தில் வராது, டீச்சர்

கேள்வி: "சார், எனக்கு 36 வயது. கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் எல்.பி. (ஆரம்ப வகுப்பு) டீச்சராக இருக்கிறேன், 2016-ல் சேர்ந்தேன். பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு 41,000 வருகிறது. கணவர் பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் நார் மில்லில் கணக்கு பார்க்கிறார், 22,000. ஒரே பெண், மூன்றாம் வகுப்பு. வீட்டு வாடகை 6,500. சேமிப்பு நாலரை லட்சம், நகை 22 பவுன், கே.எஸ்.எஃப்.இ.யில் (கேரள அரசின் சீட்டு நிறுவனம்) மாதம் 5,000 வீதம் நூறு மாதச் சிட்டி, அதாவது ஏலச்சீட்டு, ஒன்று, 38 தவணை கட்டியாகிவிட்டது. பேங்கில் 35 லட்சம் வரை தருவார்களாம். நாட்டுக்கல் பக்கம் 8 சென்ட்டில் கட்டி முடித்த புது வீடு 46 லட்சம் சொல்கிறார்கள், கடன் வாங்கினால் வருமான வரியும் மிச்சம் என்கிறார் புரோக்கர். கணவருக்குக் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் சைட் வாங்கிப் போட ஆசை, 14 லட்சம், பஞ்சாயத்து அப்ரூவ்ட். மாமனாருக்கு எருத்தேம்பதியில் 12 சென்ட் இருக்கிறது, தென்னை நிற்கிறது. ஆனால் ஆதாரத்தில் (பத்திரத்தில்) 'நிலம்' என்று இருப்பதால் வீடு கட்ட முடியாது என்று எல்லோரும் சொல்வதால் அதை விட்டுவிட்டோம். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவருக்குச் சிட்டிக்காக என் சாலரி சர்டிபிகேட்டை ஜாமீனாகக் கொடுத்திருக்கிறேன், அது பாதிக்குமா? எங்களால் வீடு வாங்க முடியுமா, முடியாதா?"

முடியும் டீச்சர். ஆனால் நீங்கள் கேட்கிற வரிசையில் முடியாது. பெரிய எழுத்தில் எழுதியதெல்லாம் 46 லட்சம் வீட்டைப் பற்றி, விட்டுவிட்டோம் என்று ஒரே வரியில் தள்ளியது அந்த 12 சென்ட்டை. நான் அதைத் தலைகீழாகத்தான் படித்தேன்.

27 வருஷம் பேங்கில் லோன் சீட்டில் உட்கார்ந்தவன் நான், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் மட்டும் எத்தனை வாத்தியார்கள், டீச்சர்கள் ஃபைலில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் பார்த்த ஒரு விஷயம் இது: ஒற்றை ஆசிரியர் சம்பளத்தில் மண்ணையும் வாங்கி அதன்மேல் வீட்டையும் வாங்கியவர்கள் பெரும்பாலும் இருபது வருஷம் மூச்சு முட்டித்தான் கிடந்தார்கள். மண் எங்கிருந்தாவது வந்து, வீட்டுக்கு மட்டும் கடன் எடுத்தவர்கள் நிம்மதியாகக் கட்டி முடித்தார்கள். என் அப்பாவும் வாத்தியார்தான். அவர் ஓட்டு வீடு கட்டியது பாட்டி கொடுத்த மனையில். சம்பளத்தில் கட்டிய வீடு என்று கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பாட்டி அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்ப்பாள்.

முதலில் அந்த 35 லட்சத்தைப் பார்ப்போம். பேங்க் தருகிறேன் என்று சொல்வதை உங்களால் முடியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் உங்கள் 41,000-ஐயும் கணவரின் 22,000-ஐயும் கூட்டி 63,000 என்று வைத்து, அதில் பாதி வரை தவணை போகலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை (இந்த ஒரு எண்ணை மனப்பாடம் பண்ணி வையுங்கள், எந்த புரோக்கர் பேசும்போதும் உதவும்). 35 லட்சத்துக்கு 30,380. மில் ஓடும்வரை சரி. நார் மில்லில் ஆர்டர் குறைந்து இரண்டு மாதம் சம்பளம் இழுத்தடித்தால், உங்கள் ஒருத்தி சம்பளத்தில் நூற்றுக்கு 74 ரூபாய் தவணைக்கே போய்விடும். மிச்சம் பத்தாயிரத்துச் சொச்சத்தில் சிட்டிக்கு ஐயாயிரம். அப்புறம் அரிசி, ஸ்கூல் பஸ், பால்? கணவரின் சம்பளத்தைக் குறைத்துப் பேசவில்லை, அந்தப் பணத்தில்தான் குடும்பம் நடக்க வேண்டும் என்கிறேன். தவணை உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும், ஏனென்றால் மாதம் தவறாமல் வருவது அது ஒன்றுதான்.

அடுத்த பே ரிவிஷன் வந்தால் சரியாகிவிடும் என்று உங்கள் ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள். 35,600-ல் தொடங்குகிற 2019 ஸ்கேலில் நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அந்தக் கணக்கில்தான் கடன் எடுக்க வேண்டும். ரிவிஷன் வந்தால் பெண்ணுக்குச் சைக்கிள் வாங்குங்கள்.

இன்னொன்று, 46 லட்சம் வீட்டுக்கு 35 லட்சம் கடன் கிடைத்தால் பாக்கி 11 லட்சம்தானே என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை. கேரளத்தில் கிரய ஆதாரத்துக்கு முத்திரை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலையையும் காட்டி எழுதினால் 4 லட்சத்து 60 ஆயிரம். இந்தச் செலவைக் கடனுக்கான வீட்டு மதிப்பில் பேங்க் சேர்க்காது, கைக்காசு. ஆக 15 லட்சத்துக்கு மேல் நீங்கள் கொண்டுவர வேண்டும், கையில் இருப்பது நாலரை. மீதிக்கு நகையை அடகு வைப்பீர்கள், சிட்டியை ஏலத்தில் தள்ளுபடி விட்டுப் பிடிப்பீர்கள், அதுவும் போதாமல் பர்சனல் லோன் எடுப்பீர்கள். கடன் வாங்குவதற்கு முன்பணமே கடன் என்கிற ஃபைலை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதற்காகச் சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

புரோக்கர் சொன்ன வரி மிச்சம்? அது பழைய கதை. பழைய முறையில் வீட்டுக் கடன் வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரை கழிவு உண்டு, சரி. ஆனால் 2025-26 முதல் புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு நிலைக் கழிவு 75,000 சேர்த்து 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரியே கிடையாது. உங்கள் சம்பளத்துக்கு வரியே இல்லாதபோது அதில் எதை மிச்சம் பிடிப்பது?

கணவரின் சைட்டுக்கு வருகிறேன். அவருடைய ஆசை புரிகிறது, பொள்ளாச்சிக்குப் பக்கம், பெட்ரோல் மிச்சம், சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம். ஆனால் "பஞ்சாயத்து அப்ரூவ்ட்" என்ற வார்த்தையைக் கேட்டதுமே எழுந்து வந்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்), பஞ்சாயத்து அல்ல. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்துகொள்ள 2017-ல் ஒரு வழி கொடுத்தார்கள், அப்படி வரன்முறை செய்த மனை என்றால் அதற்கு ஆணை இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பத்திரப் பதிவிலேயே நிற்கும், பேங்க் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், 14 லட்சம் சைட்டுக்கு அங்கே முத்திரையும் பதிவும் சேர்த்து 9 சதவீதம். உங்கள் மொத்தச் சேமிப்பும் சிட்டியும் தீர்ந்து, அதற்கு மேலும் கடன் வாங்கி, கையில் இருப்பது வேலி போட்ட வெறும் மண். வாடகை அப்போதும் 6,500. நீங்களும் பிள்ளையும் தினமும் செக்போஸ்ட் தாண்டி இந்தப் பக்கம் வர வேண்டும். ஏற்கெனவே குடும்பத்தில் மண் இருக்கும்போது இன்னொரு மண் எதற்கு?

சரி, அந்த 12 சென்ட்.

நம் ஊரில் இந்த "நிலம்" என்கிற சொல் படுத்துகிற பாடு தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களுக்குச் சொன்னால் புரியாது. அங்கே நிலம் என்றால் எல்லா நிலமும் நிலம். இங்கே ரெவின்யூ கணக்கில் நிலம் என்றால் நெல் வயல், வீடு கட்டும் மண்ணுக்குப் பெயர் புரயிடம். 2008 ஆகஸ்ட் 12-ல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நிலத்தைத் தூர்த்து வீடு கட்ட முடியாது. இதுவரைதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் விட்டுவிடச் சொல்கிறார்கள். 2018-ல் அந்தச் சட்டத்தில் திருத்தம் வந்தது, வயலாக இல்லாமல் எப்போதோ மாறிப்போன, டேட்டா பேங்கில் (நெல் வயல்களின் அரசுப் பட்டியலில்) சேராத நிலத்தை முறைப்படி மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

இதில் நானே பட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன். 2011-ல் ஏழு சென்ட் வாங்கினேன். ஊரார் ஆதாரத்தையெல்லாம் கண்ணாடி போட்டுப் பார்க்கிற ஆபீசர், சொந்த ஆதாரத்தில் "புரயிடம்" என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டேன். முன்னாதாரத்திலும் அப்படியே இருந்தது. பெர்மிட்டுக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான், வில்லேஜ் ஆபீசின் அடிப்படை வரிப் பதிவேட்டில், பி.டி.ஆர். என்பார்களே அதில், "நிலம்" என்று இருப்பது தெரிந்தது. ஆதாரம் எழுதியவர் பழைய ஆதாரத்தைப் பார்த்து எழுதினார், அதை எழுதியவர் அதற்கும் பழையதைப் பார்த்து எழுதினார், பி.டி.ஆரை ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை. ஆறேழு வருஷம் கரம் (நில வரி) மட்டும் கட்டிக்கொண்டு, அதில் முளைத்த பார்த்தீனியச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். திருத்தம் வந்த பிறகுதான் விண்ணப்பம் போட்டு மாற்றினேன். எனவே ஆதாரத்தில் என்ன சொல் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். பி.டி.ஆர். என்ன சொல்கிறது, அதுதான் கேள்வி.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மாமனாரிடம் இந்த வருஷத்துக் கரம் ரசீதை வாங்குங்கள், அதில் தண்டப்பேர் எண்ணும் (வில்லேஜ் ஆபீசின் வரிக் கணக்கு எண்) சர்வே எண்ணும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கிருஷி பவனுக்கு (வேளாண்மை ஆபீஸ்) போய் அந்த சர்வே எண் டேட்டா பேங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேதான் பாதை பிரிகிறது. டேட்டா பேங்கில் இல்லை என்றால் வேலை சுலபம், ஃபாரம் 6 என்கிற விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டு ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) அல்லது அந்தப் பொறுப்பில் இருக்கிற டெபுடி கலெக்டரின் உத்தரவு வாங்க வேண்டும். டேட்டா பேங்கில் இருக்கிறது என்றால் முதலில் ஃபாரம் 5 போட்டு அதிலிருந்து நீக்க வேண்டும், கிருஷி ஆபீசர் வந்து பார்ப்பார், 2008-ல் அந்த இடம் எப்படி இருந்தது என்று செயற்கைக்கோள் படம் வரை கேட்பார்கள். உங்கள் மாமனார் இடத்தில் தென்னை நிற்கிறது என்கிறீர்கள். எத்தனை வயசுத் தென்னை என்பது இங்கே பெரிய சாட்சி. 2008-க்குப் பிறகு வைத்தது என்றால் பேச்சு வேறு, முப்பது வருஷ மரம் என்றால் எந்த ஆபீசரும் அதை வயல் என்று எழுதத் தயங்குவார்.

கட்டணம்? 2017 டிசம்பர் 30-ம் தேதி நிலவரப்படி 25 சென்ட்டும் அதற்குக் கீழும் இருக்கிற இடத்துக்கு மாற்றுக் கட்டணம் இல்லை. இதில் ஒரு கொக்கி இருக்கிறது, கவனியுங்கள். மாமனாருக்கு அன்றைக்கு அரை ஏக்கர் இருந்து, அதில் 12 சென்ட்டைப் பிறகு வெட்டி எழுதியிருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது, ஃபேர் வேல்யூவில் (அரசு நிர்ணயித்த நில மதிப்பு) பத்து சதவீதம் கட்ட வேண்டிவரும். அன்றைக்கே 12 சென்ட் தனியாக இருந்ததா என்று பாருங்கள். டேட்டா பேங்கில் இல்லாத இடத்தில் 10 சென்ட் வரை என்றால் 120 சதுர மீட்டர் வீட்டுக்கு இந்த மாற்று உத்தரவே தேவையில்லை என்றும் சட்டத்தில் ஒரு இடம் இருக்கிறது, அதை வைத்து உடனே கட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பெர்மிட் கிடைக்கலாம், ஆனால் கரம் ரசீதில் "நிலம்" என்று இருக்கும்வரை பேங்கின் வக்கீல் சும்மா விடமாட்டார். நீங்கள் கடன் வாங்கிக் கட்டுகிறவர், அதனால் மாற்றிவிட்டே கட்டுங்கள்.

இது ஒரு மாதத்தில் முடியாது. ஒரு வருஷம் என்று மனதில் வையுங்கள், முன்னாலேயே முடிந்தால் லாபம். அந்த ஒரு வருஷம் வீணாகாமல் என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன். இடையில் "நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு தொகை கொடுங்கள்" என்று வருகிறவர்களிடம் மாட்டாதீர்கள், விண்ணப்பம் உங்கள் பெயரில், உங்கள் செல்போன் எண்ணில் போகட்டும்.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான விஷயம். இடம் மாமனார் பெயரில், கடன் உங்கள் சம்பளத்தில். பேங்க் எப்படியும் இடம் கடன் வாங்குகிறவர் பெயரில் இருக்க வேண்டும் என்று கேட்கும். மாமனார் தன் மகனுக்கு எழுதிக் கொடுத்தால் குடும்பத்துக்குள் எழுதுகிற ஆதாரம், முத்திரைச் செலவு கிரயத்தைப் போல் இல்லாமல் மிகக் குறைவு. நேரடியாக மருமகளுக்கு எழுதினால் அந்தக் கணக்கு மாறலாம். அதனால் முதலில் உங்கள் கணவருக்கு, பிறகு கணவர் உங்களுக்குப் பாதி. "எதற்கு இரண்டு செலவு, அவர் பெயரிலேயே இருக்கட்டுமே" என்று வீட்டில் சொல்வார்கள். செலவு கொஞ்சம்தான். இருபது வருஷம் தவணை கட்டப் போகிறவர் நீங்கள், அடியில் இருக்கிற மண்ணில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இதைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், கணவர் நல்லவர் என்பதும் இதுவும் வேறு வேறு. நீங்களே சொல்லத் தயங்கினால், பேங்கில் இருவர் பெயரும் வேண்டும் என்கிறார்கள் என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

கணவருக்கு அக்கா தங்கை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டு என்றால், ஆதாரம் எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். மாமனார் சொந்தமாகச் சம்பாதித்த இடம் என்றால் யாருக்கும் எழுதலாம், சட்டம் தடுக்காது. வீட்டுக்குப் பால் காய்ச்சும் அன்றைக்கு நாத்தனார் முகம் தூக்கிக்கொண்டு நிற்பதைச் சட்டம் தடுக்காது என்பதும் உண்மை.

இப்போது கட்டுகிற செலவு. மேஸ்திரி யாரிடமும் இன்னும் கேட்டிருக்க மாட்டீர்கள், நான் சதுர அடிக்கு 2,200 என்று வைத்துக்கொள்கிறேன், சாதாரண வேலைதான், மார்பிள், ஃபால்ஸ் சீலிங் எதுவும் இல்லை. 950 சதுர அடி, இரண்டு படுக்கையறை. 20 லட்சத்து 90 ஆயிரம். ஏன் 950 என்றால், கேரளத்தில் 100 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 1,076 சதுர அடிக்கு மேல் போனால் வில்லேஜ் ஆபீசில் ஒற்றைத் தவணைக் கட்டட வரி ஒன்று வரும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்கலாம் என்று நினைத்தாலே ஒரு அறை குறைந்து இரண்டு லட்சம் மிச்சமாகும்.

இதில் நம் கிழக்குச் சித்தூருக்கென்று இரண்டு தனிச் செலவு இருக்கிறது. ஒன்று மண். கேரளம் முழுக்கத் தேடினாலும் கரிசல் மண் இருப்பது நம் சித்தூர் தாலுகாவில்தான். பருத்திக்கு நல்லது, வீட்டுக்குக் கெட்டது. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். சாதாரணக் கருங்கல் அஸ்திவாரம் போட்டால் மூன்றாம் வருஷம் ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் கோடு ஓடும். உங்கள் இடத்தில் மே மாதம் போய் நின்று பாருங்கள், தரை பிளந்திருந்தால் ஒரு என்ஜினியரைக் கூட்டிவந்து குழி தோண்டிப் பார்த்து, அஸ்திவாரத்தை அதற்கேற்ப ஆழமாக்கி, கான்கிரீட் பெல்ட் போடச் சொல்லுங்கள். மண் செம்மண்ணாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இரண்டாவது தண்ணீர். பாலக்காட்டுக்கு மழை கொட்டும்போது எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் மேகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். சித்தூர் பிளாக்கில் நிலத்தடி நீர் நிலைமை மோசம் என்பது அரசுக் கணக்கிலேயே நெடுநாளாக இருக்கிற விஷயம், போர் போட அனுமதி கேட்டுத்தான் போட வேண்டும். அக்கம்பக்கத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேளுங்கள், ஏப்ரலில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். கூரைத் தண்ணீரைப் பிடிக்கிற தொட்டியை முதல் பிளானிலேயே போடுங்கள், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்பது போடப்போவதில்லை என்று அர்த்தம்.

அஸ்திவாரம் கூடுதல், போர், செப்டிக் டேங்க், கரண்ட் கனெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் மூன்று லட்சம் வையுங்கள். மொத்தம் 24 லட்சம். உங்கள் நாலரையில் ஒரு லட்சத்தைத் தொடவே கூடாது, ஆஸ்பத்திரிக்கு. மூன்றரை வருகிறது. சிட்டி 5 லட்சம் சலை (மொத்தத் தொகை), தள்ளுபடி போகக் குறைத்தே 4 லட்சம் என்று வைக்கிறேன். இன்றைக்குப் போய்ப் பிடிக்காதீர்கள். இன்னும் நிறையப் பேர் அவசரத்தில் இருப்பார்கள், தள்ளுபடி ஏறித்தான் போகும். வேலை ஆரம்பித்து லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேல்மட்டம்) வந்த பிறகு பிடியுங்கள், கான்கிரீட் போடுகிற நேரத்தில்தான் எல்லோருக்கும் காசு தீரும். பிடித்த பிறகு பாக்கித் தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள், உங்கள் சாலரி சர்டிபிகேட்டை அதற்குக் காலியாக வைத்திருக்க வேண்டும்.

அங்கேதான் உங்கள் தோழி விஷயம் வருகிறது. பாதிக்குமா என்று கேட்டீர்கள். பாதிக்கும். நம் ஊரில் அரசுச் சம்பளக்காரரின் சாலரி சர்டிபிகேட் என்பது அடகு வைக்காத நகை மாதிரி, எல்லோர் கண்ணும் அதன்மேல். தோழி ஒழுங்காகக் கட்டும்வரை ஒன்றுமில்லை. நின்றால் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள், அப்போது வீட்டுத் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டிராயிங் மாஸ்டர் மூன்று பேருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் வீட்டுக்குக் கடன் கேட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். மூன்றில் இரண்டு நின்றுபோயிருந்தது. அவர் வாய் திறந்து திட்டக்கூட இல்லை, சம்பளச் சீட்டை மடித்து மடித்துப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். தோழியிடம் நேராகப் பேசுங்கள்: "நான் வீட்டுக் கடன் எடுக்கப் போகிறேன், என் ஜாமீனுக்குப் பதில் வேறு ஆளையோ, ஒரு டெபாசிட்டையோ மாற்றிக் கொடுத்துவிடு." மாற்ற வழி உண்டு. ஒரு வருஷம் இருக்கிறது, சண்டை போடாமல் முடிக்கலாம்.

அந்த ஒரு வருஷத்துக்கு நான் சொல்வது ஒத்திகை. 24-ல் உங்கள் கைக்காசு போகச் சுமார் 16 லட்சம் கடன் வேண்டிவரும். 16-ஐ 868-ஆல் பெருக்குங்கள், 13,900. உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இப்போது வாடகை 6,500 கொடுக்கிறீர்கள், வித்தியாசம் 7,400. இந்த மாதம் முதல் சம்பளம் வந்த மறுநாளே 7,400-ஐ ஆர்.டி.யில் போடுங்கள், கடன் தவணை என்றே நினைத்துக்கொண்டு. ஓணத்துக்கும் உண்டு, தீபாவளிக்கும் உண்டு, தள்ளிப்போடக் கூடாது. பன்னிரண்டு மாதம் தடுமாறாமல் போட்டால் 88,800-ம் வட்டியும் கையில் இருக்கும், கடனைத் தாங்குவீர்கள் என்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும். ஐந்தாம் மாதமே திணறினால், வீட்டை 800 சதுர அடியாகக் குறையுங்கள். பேங்கில் போய்க் கற்றுக்கொள்வதைவிட ஆர்.டி.யில் கற்றுக்கொள்வது மலிவு.

கட்டும்போது ஒரு பத்து மாதம் கஷ்டகாலம் உண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பேங்க் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் தராது, அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று கட்டம் கட்டமாக விடும். வாங்கிய அளவுக்கு வட்டி ஓடும், வாடகையும் ஓடும். என்ஜினியர் வந்து பார்த்து எழுதுவதற்குள் மேஸ்திரி ஆள் கூலிக்கு நிற்பார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றரை லட்சமாவது உங்கள் கையில் முன்னால் நிற்க வேண்டும். அதற்காகத்தான் நகை. அடகு வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை, இரண்டு மாதத்தில் பேங்க் பணம் வந்து மீட்டுவிடுகிற அடகு வேறு, வருஷக்கணக்கில் கிடக்கிற அடகு வேறு. போட்டுக்கொள்ளாத பழைய நகை நாலைந்து பவுன் இருந்தால், இன்றைய விலைக்கு அதை விற்றுக் கடனில் ஒரு பகுதியைக் குறைப்பதும் தப்பில்லை. உங்கள் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார், என் அம்மாவும் ஒப்புக்கொண்டதில்லை.

கடன் மாறும் வட்டியில் எடுங்கள், 20 வருஷம் போதும். நீங்கள் 2013 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர், பங்களிப்புப் பென்ஷன், 60 வயது வரை வேலை இருக்கிறது, அதனால் ஒரு வருஷம் காத்திருந்து கட்டினாலும் 57, 58-ல் தவணை முடிந்து இரண்டு மூன்று வருஷம் நிம்மதியாக இருப்பீர்கள். பென்ஷன் பழைய மாதிரி வராது என்பதால் ஓய்வுக்குப் பிறகு தவணை ஓடுகிற கடனே வேண்டாம், 25 வருஷம், 30 வருஷம் என்று தவணையைக் குறைத்துக் காட்டினால் மயங்காதீர்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனி மனிதர்களுக்கு அபராதம் கிடையாது. இன்னும் 62 மாதத்தில் சிட்டி முடியும், அன்றிலிருந்து அந்த 5,000-ஐ அப்படியே கடனுக்குத் திருப்புங்கள், பல வருஷம் முன்னாலேயே ஆதாரம் வீட்டுக்கு வந்துவிடும். கடன் முடிந்த 30 நாளில் மூல ஆதாரத்தைத் திருப்பித் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் பேங்க் உங்களுக்குக் கொடுக்க வேண்டும், 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் பேங்க் உத்தரவு. நான் சர்வீசில் இருந்தபோது இது இல்லை, இருந்திருந்தால் எங்கள் ரெக்கார்ட் ரூம் கொஞ்சம் சுத்தமாக இருந்திருக்கும்.

கிருஷி பவனில் டேட்டா பேங்கில் இருக்கிறது, ஃபாரம் 5-ம் தள்ளுபடி ஆகிவிட்டது என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போதும் 46 லட்சம் வீடு இல்லை. உள்ளே தள்ளி ஐந்து சென்ட் புரயிடம், பி.டி.ஆர். பார்த்து வாங்குகிற மாதிரி, அந்த ஒத்திகைப் பணமும் சிட்டியும் சேர்த்து முதலில் மண், மூன்று நாலு வருஷம் கழித்து வீடு. மெதுவான வழிதான். ஆனால் தென்னை பழைய மரம் என்றால் அந்த நிலைமை வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிளான் போடுகிறவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும், மேலே இன்னொரு மாடி தாங்குகிற மாதிரி அஸ்திவாரத்தை இப்போதே கணக்குப் போடட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்றைக்குத் தனி அறை தேவைப்படாது, ஒன்பதாம் வகுப்பில் கேட்பாள். அதற்குள் சிட்டி முடிந்திருக்கும்.